மூன்று பேரைக் கூப்பிட்டால் ஒருவர் வருவார்

மஸ்கட்டில் உட்கார்ந்துகொண்டு பீர்க்கன்கரணையில் ஒழுகும் குழாயைச் சரிசெய்ய ஒரு வழி இருக்கிறது. ஒரு பிளம்பரைக் கூப்பிடக் கூடாது. மூன்று பேரைக் கூப்பிட வேண்டும். மூன்று பேருமே வந்துவிடுகிறேன் என்பார்கள். அதில் ஒருவர் வருவார். நாம் சொன்ன நாளில் வரமாட்டார், ஆனாலும் வருவார். போன் கார்டுகளைச் சுரண்டிச் சுரண்டி நகம் தேய்ந்து நான் கண்டுபிடித்த வழி இது.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் நான் மஸ்கட்டில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வந்து வைத்துக்கொள்கிற அளவுக்குச் சம்பளம் கிடையாது. சென்னையில் தாம்பரம் தாண்டி, பீர்க்கன்கரணை ஏரிக்குப் பக்கத்தில், ஒரு முட்டுச்சந்தின் கடைசியில், லோன் போட்டுக் கட்டிய வீடு. அதில் என் மனைவியும் என் அம்மாவும் இருந்தார்கள். நான் வருடத்துக்கு ஒருமுறை வந்து விருந்தாளி மாதிரி இருந்து சாப்பிட்டுவிட்டுப் போவேன். மிச்ச நாட்களில் அந்த வீட்டைப் போனிலேயே நடத்தினேன்.

உண்மையில் நான் நடத்தத் தேவையே இல்லை. என் மனைவி பெருங்களத்தூரில் ஒரு பள்ளியில் டீச்சர். நாற்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்கார வைப்பவளுக்கு ஒரு பிளம்பர் எம்மாத்திரம்? ஆனால் அந்த வீட்டில் நானும் ஒரு ஆள் என்று காட்டிக்கொள்ள எனக்கு வேறு என்ன இருந்தது? பணம் அனுப்புவதை பாங்க் பார்த்துக்கொண்டது. அதனால் ஆட்களுக்குச் சொல்வது, காஸ் புக் செய்வது, போர் மோட்டார் ரிப்பேர், கேன் தண்ணீர் எல்லாம் என் வேலை என்று நானே பிடுங்கிக்கொண்டேன். அவளும் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தாள். சில சமயம் அவளே ரிப்பேர் செய்து முடித்துவிட்டு, நான் அனுப்பிய ஆள்தான் வந்து செய்தார் என்று சொன்னதாகப் பிற்பாடு அம்மா மூலமாகக் கேள்விப்பட்டேன்.

எங்கள் பக்கத்தில் யாரும் முடியாது என்று சொல்லமாட்டார்கள். ஒரு மனிதர் அத்தனை தூரத்திலிருந்து காசு செலவழித்துக் கூப்பிடுகிறார், அவரிடம் போய் எப்படி முடியாது என்பது? எங்கள் பிளம்பர் ஒருவர், "வண்டிய எடுத்துகினே கீறேன் சார்" என்பார். பின்னால் டிவி சீரியலில் யாரோ யாரையோ சபித்துக்கொண்டிருப்பது எனக்கு மஸ்கட் வரை கேட்கும். அதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வராது. என் மனம் நோகக் கூடாது என்பதற்காக அவர் சொன்ன ஆறுதல் அது. குழாய்தான் அதைப் புரிந்துகொள்ளாமல் ஒழுகிக்கொண்டிருக்கும்.

அதனால்தான் மூன்று பேர். இதில் ஒரு முக்கியமான சங்கதி உண்டு. ஒருவருக்குச் சொன்னது இன்னொருவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால், அதான் அவர் போகிறாரே என்று இவர் இருந்துவிடுவார், அதான் இவர் போகிறாரே என்று அவர் இருந்துவிடுவார். ஆகவே ஒவ்வொருவரிடமும் உங்களை விட்டால் எனக்கு யாருமில்லை என்கிற குரலில் பேச வேண்டும். அறையில் என்னோடு தங்கியிருந்தவர்கள், நான் போனை எடுத்தாலே, இன்றைக்கு யாரிடம் யாருமில்லை என்று கேலி செய்வார்கள். கேலி செய்துவிட்டு, தங்கள் ஊரில் செப்டிக் டேங்க் லாரிக்கு எப்படிச் சொல்வது என்று என்னிடமே யோசனையும் கேட்பார்கள்.

இப்படி இருக்கையில் என் மனைவி உண்டானாள். கல்யாணமாகி ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது. அதற்கு முன்பு ஒருமுறை ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோயிருந்தது. செய்தி கேட்டு, லீவு வாங்கி, டிக்கெட் கிடைத்து நான் வந்து சேர்ந்தபோது அவள் மறுபடி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். பையை வைத்துவிட்டு நான் சாயங்காலம் வரை அவளுக்காக வாசலில் உட்கார்ந்திருந்தேன். அவள் வந்து, சாப்பிட்டீங்களா என்று கேட்டாள்.

இந்த முறை எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. ஆனால் தாம்பரத்தில் பார்த்த டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். வலி எடுத்தால் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, உடனே வந்துவிட வேண்டும், தாமதித்தால் குழந்தைக்கு ஆபத்து. என் மாமியார் இல்லை. அதனால் தாய்வீடு போகும் பேச்சுக்கு இடமில்லை. என் அம்மாவுக்கு முட்டி வலி. டாக்டர் சொன்ன தேதிக்கு ஒரு வாரம் முன்னால் வந்து சேரும்படி நான் டிக்கெட் போட்டிருந்தேன். இருந்தாலும் ஒரு பயம் இருந்தது. நான் வருவதற்குள் வலி எடுத்துவிட்டால் ஏரிக்கரைச் சந்துக்குள் வண்டி யார் கொண்டுவருவது?

என் வழிப்படி ஏற்பாடு செய்தேன். முதலில் பெருங்களத்தூர் ஸ்டாண்ட் ஆட்டோக்காரர். அம்மாவை மாதா மாதம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறவர். என்னைவிட வயதில் பெரியவர், இருந்தும் சார் என்பார். இரண்டாவது, செம்பாக்கத்தில் ஆம்னி வேன் வைத்திருந்தவர். ஒரு கம்பெனியில் முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு, வேன் வாங்கிப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்தார். என் மனைவியின் பள்ளிக்கும் அவர் வேன் வரும். பேச்சு எப்போதும் ஆபீஸ் பேச்சுதான். மூன்றாவது, எங்கள் தெருவுக்குத் தண்ணீர் கேன் போடுகிறவர். குட்டி யானை என்று எல்லாரும் சொல்லும் அந்தச் சின்ன லோடு வண்டி புதிதாக வாங்கியிருந்தார். பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிப் போகும் வண்டியில்லை அது என்று எனக்கும் தெரியும். ஆனால் மூன்றாவது ஆள் என்பவர் வராமல் போவதற்காகவே இருக்கிறவர். கணக்குக்கு இருக்கட்டும் என்று அவரிடமும் சொல்லிவைத்தேன். ஒருவருக்குத் தெரியாமல் ஒருவரிடம், உங்களைத்தான் நம்பியிருக்கிறேன் என்றேன். மூவருமே, கவலையே படாதீங்க என்றார்கள். குழாய் விஷயத்திலும் இதையேதான் சொல்வார்கள் என்பதால் நான் முழுசாகக் கவலைப்பட்டேன்.

தீபாவளி முடிந்து மழை பிடித்துக்கொண்டது. ஏரி நிரம்பிவிட்டதாக அம்மா சொன்னார். அதற்கடுத்து, தெருவில் தண்ணீர் வந்துவிட்டது என்றார். அதற்கு முந்தின மாதம்தான் எங்கள் சந்தில் ஒரு பக்கம் முழுக்கக் கால்வாய்க்குப் பள்ளம் தோண்டிப் போட்டிருந்தார்கள். தோண்டியவர்கள் திரும்பி வரவில்லை. பள்ளமும் ரோடும் இப்போது ஒரே தண்ணீராக இருந்தது. எங்கள் லேண்ட்லைன் செத்துப்போனது. கரண்ட் போனது. என் மனைவியின் செல்போன் ஒன்றுதான் மிச்சம்.

ஒரு நாள் காலை, நான் ஸ்டோரைத் திறந்துகொண்டிருந்தபோது அவளிடமிருந்து மிஸ்டு கால் வந்தது; கார்டு போட்டுத் திருப்பிக் கூப்பிட்டேன். குரல் நிதானமாகத்தான் இருந்தது. அந்த நிதானம்தான் எனக்குக் கிலியைக் கொடுத்தது.

"வலி எடுத்துடுச்சு. பயப்படாதீங்க. சார்ஜ் சுத்தமா இல்ல, யாருக்கும் என்னால பேச முடியாது. வண்டிக்கு மட்டும் சொல்லிடுங்க."

சரி என்று நான் சொன்னது அவளுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை. மறுபடி போட்டால் ஸ்விட்ச் ஆஃப் என்றது. டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. என் டிக்கெட் சட்டைப் பையில் இருந்தது.

ஆட்டோக்காரரைக் கூப்பிட்டேன். "இதோ வந்துகினே கீறேன் சார்" என்றார். குழாய்க்குப் பிளம்பர் சொல்வாரே, அதே மாதிரி வார்த்தை, அதே குரல். ஆம்னிக்காரரைக் கூப்பிட்டேன். மழைக்கு ஸ்கூல் லீவு, ஃப்ரீயாகத்தான் இருக்கிறேன், உடனே ஸ்டார்ட் பண்றேன் என்றார். செம்பாக்கத்தில் அவர்கள் தெருவிலேயே முட்டியளவு தண்ணீர் என்று முந்தின நாள்தான் அவர் சொல்லியிருந்தார். எப்படி ஸ்டார்ட் ஆகும்? கேன்காரரைக் கூப்பிட்டேன். வந்துடறேன் சார் என்று ஒரே சொல்லில் வைத்துவிட்டார். மூவர் மேலும் நம்பிக்கை வராமல், கடைசியில் அந்த டிவி சீரியல் பிளம்பரையே கூப்பிட்டேன். அவர் வீடு எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளித்தான். ஒரு வேலையும் செய்ய வேண்டாம், போய் யாராவது வண்டியோடு வந்திருக்கிறார்களா என்று பார்த்து எனக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றேன். அவரும், வண்டியை எடுத்துகினே கீறேன் என்றார்.

அதற்கப்புறம் ஒருவரும் போனை எடுக்கவில்லை. மாற்றி மாற்றி நான்கு பேருக்கும் போட்டேன். சில சமயம் மணி அடித்தது, சில சமயம் அடிக்கவில்லை. வெல்டிங் ராடு கேட்டு வந்தவருக்குப் பெயிண்ட் டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்துவிட்டு, தானே போய் ராடை எடுத்துக்கொண்டார். குழாய்க்கு ஒருவரும் வராவிட்டால் வாளி வைக்கலாம். இதற்கு என்ன வைப்பது? பல வருடமாக நான் கட்டிக்காத்த அந்த வழியை நினைத்து எனக்கே வெறுப்பு வந்தது.

அந்த நேரத்தில் அங்கே நடந்ததை நான் பிற்பாடு லீவில் வந்து ஒவ்வொருவரிடமாகக் கேட்டுக் கோத்துக்கொண்டேன். ஒவ்வொருவரும் தன் வண்டியை மையமாக வைத்தே சொன்னார்கள். அம்மா சொன்னதுதான் நடுநிலையானது.

முதலில் ஆட்டோக்காரர் வந்திருக்கிறார். ஸ்டாண்டில் அன்று அவர் முறை இல்லை. முறையில் முன்னால் நின்றவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். பள்ளம் எது, ரோடு எது என்று தெரியாத சந்தில், மதில் சுவரை உரசிக்கொண்டே எங்கள் வீட்டு வாசல் வரை வந்துவிட்டார். அம்மா ஒரு கையில் பையும் ஒரு கையில் குடையுமாக வாசலுக்கு வருவதற்குள், ஆட்டோவுக்குப் பின்னால் ஆம்னி வந்து நின்றது. நேர்வழியில் தண்ணீர் என்று எங்கெங்கோ சுற்றி வந்திருக்கிறார் மனிதர். அவர் இறங்கிக் கதவைத் திறப்பதற்குள், ஆம்னிக்குப் பின்னால் குட்டி யானை வந்தது. அன்றைய லோடு கேன்கள் அப்படியே மேலே இருந்தன.

சந்தில் ஒரு வண்டிதான் போகலாம். ஒரு பக்கம் மதில், இன்னொரு பக்கம் பள்ளம். கடைசியில் எங்கள் வீடு. திருப்ப இடம் கிடையாது. ஆக, முதலில் வந்தவர் கடைசியாகத்தான் வெளியே போக முடியும்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்திருக்கிறார்கள். ஆட்டோக்காரருக்குத்தான் முதலில் கோபம் வந்தது. "சாரு என்னாண்டதான் சொல்லிகீறாரு. நீ இன்னாத்துக்கு வந்த?" என்று ஆம்னிக்காரரைக் கேட்டார். ஆம்னிக்காரர், எனக்கும் கால் பண்ணினார், ஆதாரம் இருக்கிறது என்று செல்போனை எடுத்து என் நம்பரைக் காட்டினார். ஆட்டோக்காரர் தன் போனை எடுத்துக் காட்டினார். கேன்காரர் அதிகம் பேசாதவர். அவரும் தன் போனைக் காட்டினார். மூன்று போனிலும் ஒரே மஸ்கட் நம்பர். கொட்டுகிற மழையில் மூன்று போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்று அம்மா சொன்னார். என் மானம் அந்தத் தண்ணீரில்தான் போனது. அப்போதுதான் நான்காவதாக பிளம்பரும் இடுப்பளவு நனைந்து வந்து சேர்ந்தார். டிவிஎஸ் வண்டி தெருமுனையிலேயே நின்றுவிட்டதாம். கையோடு ஒரு நீளமான பிவிசி பைப்பைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை; வேலைக்குக் கிளம்பினால் கை தானாக எடுத்துக்கொண்டுவிடும்போல.

யார் முதலில் வந்தது, யார் வழி விடுவது என்று பேச்சு வளர்ந்தது. வழி விடுவதென்றால் வந்த வேலையை விட்டுக்கொடுப்பது என்று அர்த்தம். அதற்கு ஒருவரும் தயாரில்லை. குழாய்க்குச் சொன்ன நாளில் ஒருவரும் வராத தெருவில், என் மனைவிக்காக மூன்று பேர் சண்டை போட்டார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் வரும், கண்ணும் கலங்கும்.

அவள் உள்ளேயிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வாசலில் நின்று மூன்று வண்டியையும் பார்த்தாள். என்ன நடந்திருக்கும் என்று அவளுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. என்னோடு குடித்தனம் நடத்துகிறவள் அல்லவா? வகுப்பில் பேசுகிற குரலில் சொன்னாள்.

"யாரும் சண்டை போடாதீங்க. கடைசியா வந்தவங்க வண்டியில நான் ஏறிக்கறேன். மத்தவங்க பின்னாடியே வாங்க. எல்லாரும் வாங்க."

அந்தக் கடைசி "எல்லாரும் வாங்க" தான் சண்டையை முடித்ததாம். ஆம்னிக்காரர் பிற்பாடு என்னிடம் சொன்னார், அந்த ஒரு வார்த்தை வராமல் இருந்திருந்தால் ஈகோ பிரச்சினை ஆகியிருக்கும் சார் என்று.

அவ்வளவுதான். போன்களை நனையாமல் பாலிதீன் பையில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு, ஆளுக்கு ஒரு வேலை எடுத்துக்கொண்டார்கள்; நான் போட்ட மணி ஒருவருக்கும் கேட்காதது அதனால்தான். கேன்களை இறக்கி வரிசையாக மதில் மேலும் பக்கத்து வீட்டுக் கேட்டுக்குள்ளும் வைத்தார்கள். பிளம்பர் தன் பைப்பைத் தண்ணீரில் குத்திப் பார்த்துக்கொண்டே முன்னால் நடந்தார். அது குத்தி நின்ற இடம் ரோடு, உள்ளே போன இடம் பள்ளம். அவர் காலை வைத்த இடத்தில் என் மனைவி காலை வைத்தாள். ஒரு பக்கம் அம்மா, இன்னொரு பக்கம் ஆட்டோக்காரர் குடை பிடித்தார். குட்டி யானையின் முன் சீட்டில் அவளை ஏற்றி உட்கார வைத்தார்கள். ஆம்னிக்காரர் பின்னால் நின்று கையை ஆட்டி ஆட்டி வழி காட்ட, கேன்காரர் அந்தச் சந்து முழுக்க ரிவர்ஸிலேயே எடுத்தார். அவள் வலியில் முனகும்போதெல்லாம் கேன்காரர் வண்டியை நிறுத்திவிடுவாராம். நிறுத்தாதீங்க, போங்க என்று அவள்தான் அதட்டியிருக்கிறாள்.

மெயின் ரோட்டுக்கு வந்ததும் ஊர்வலமாகக் கிளம்பினார்கள். முன்னால் குட்டி யானை, பின்னால் அம்மாவை ஏற்றிக்கொண்டு ஆம்னி, அதற்குப் பின்னால் பிளம்பரோடு ஆட்டோ. இரும்புலியூர் பக்கம் வந்தால் ரோடே ஏரி மாதிரி இருந்தது. ஆம்னி பாதித் தண்ணீரில் உறுமிவிட்டு நின்றுபோனது. ஆட்டோ அதற்கும் முன்னாலேயே நின்றுவிட்டது. உயரமாக இருந்த குட்டி யானை மட்டும் ஓடியது. கணக்குக்குச் சேர்த்த மூன்றாவது வண்டி. அன்று வேறு எந்த வண்டியில் ஏறியிருந்தாலும் என் மனைவி நடுத்தண்ணீரில் நின்றிருப்பாள்.

கேன்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தினார். அம்மாவை விட்டுவிட்டுப் போக அவருக்கு மனம் இல்லை. ஆம்னிக்காரரும் ஆட்டோக்காரரும் முட்டி வலிக்கார அம்மாவைக் கைகோத்துத் தூக்கி, குட்டி யானையின் பின்பக்கம் கேன் அடுக்கும் இடத்தில் உட்கார வைத்தார்கள். தங்கள் வண்டிகளை அந்தத் தண்ணீரிலேயே ஓரங்கட்டிவிட்டு, பிளம்பரையும் சேர்த்து மூன்று பேரும் தாங்களும் ஏறி, தார்ப்பாயை நான்கு பக்கமும் பிடித்துக்கொண்டு அம்மா தலையில் மழை விழாமல் நின்றுகொண்டே தாம்பரம் வரை வந்தார்கள். பிழைப்பு நடத்துகிற வண்டியை நடுரோட்டில் தண்ணீரில் விட்டுவிட்டு யாராவது வருவார்களா? இவர்கள் வந்தார்கள். ஆட்டோ இன்ஜினுக்குள் தண்ணீர் போய் அதற்கப்புறம் ஒரு வாரம் அது ஓடவில்லை என்பதை ஸ்டாண்டில் இருந்த இன்னொருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவர் வாயால் அதை அவர் சொல்லவே இல்லை.

லீவில் வந்தபோது பிளம்பரிடம் நான் வாய்விட்டே கேட்டேன். எத்தனை முறை குழாய்க்குக் கூப்பிட்டேன், ஒருமுறைகூட அன்றைக்கே வந்ததில்லையே, அன்று மட்டும் எப்படி வந்தீர்கள்? அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இவனுக்கு என்ன ஆயிற்று என்கிற பார்வை.

"பைப்பு நாளிக்கும் ஒயுகும் சார். கொயந்த நாளிக்கு வரைக்கும் காத்துகினு இருக்குமா?"

அவர்கள் எல்லாருக்கும் அது தெரிந்திருக்கிறது. எதற்கு மெதுவாக வரலாம், எதற்கு விட்டுவிட்டு ஓடிவர வேண்டும் என்று. நான் கூப்பிட்ட குரல் எல்லாவற்றுக்கும் ஒன்றாகவே இருந்தாலும் அவர்கள் வித்தியாசம் கண்டுகொண்டார்கள். நன்றி என்று சொன்னால் அந்த நான்கு பேரும் பேச்சை மாற்றிவிடுவார்கள். அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். உங்களுக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடன் தீராது.

இதெல்லாம் பிற்பாடு தெரிந்தவை. அன்று மஸ்கட்டில் எனக்கு ஒன்றும் தெரியாது. வெயில் ஏறிக்கொண்டே போனது. மதியச் சாப்பாட்டுக்கு எல்லாரும் போய்விட்டார்கள். நான் ஸ்டோர் மேஜையில் போனை வைத்துவிட்டு அதன் எதிரில் உட்கார்ந்திருந்தேன். வண்டி வந்திருக்காது, அவளும் அம்மாவும் வாசலில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள் என்றுதான் என் மனம் சொல்லிக்கொண்டே இருந்தது. முன்பு கலைந்தபோது அவள் தனியாக எப்படி ஆஸ்பத்திரிக்குப் போனாள் என்று நான் கேட்டதே இல்லை. அதை இப்போது யோசித்தேன். யோசிக்க முடியாமல் எழுந்து நடந்தேன்.

போன் அடித்தது. ஆட்டோக்காரர் நம்பர்.

நான் எடுக்கவில்லை. அந்த நாட்களில் ஊரிலிருந்து யாரும் எங்களோடு தங்கள் காசில் பேசமாட்டார்கள். ஒன்றிரண்டு மணி அடித்து நின்றுவிடும்; உடனே நாங்கள் கார்டு போட்டுத் திருப்பிக் கூப்பிட வேண்டும். அவசரப்பட்டு எடுத்துவிட்டால் அந்தப் பக்கம் ஆளின் பேலன்ஸ் சர்ரென்று இறங்கிவிடும். அதனால் அது நிற்பதற்காக, கையில் கார்டை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். மூன்றாவது மணி அடித்தது. நான்காவதும் அடித்தது. அது நிற்கவில்லை. என்ன செய்தி இருந்தால் ஒரு ஆட்டோக்காரர் தன் காசைப் போட்டு ஓமானுக்குப் பேசுவார்? எனக்கு நினைக்கத் தோன்றியது ஒன்றுதான். கார்டைக் கீழே வைத்துவிட்டு எடுத்தேன்.

அவர் என்னிடம் பேசவில்லை. ஒரே இரைச்சல். ஏதோ கதவு திறக்கும் சத்தம். ஒரு பெண் குரல், நர்ஸாக இருக்க வேண்டும், சத்தமாகக் கேட்டது.

"பொண் குழந்தை. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. குழந்தையோட அப்பா யாருங்க? முன்னாடி வாங்க."

உள்ளே குழந்தை அழுகிற சத்தம் கேட்டதுமே ஆட்டோக்காரர் எனக்குப் போட்டுவிட்டாராம். அந்த இடத்தில், நனைந்துபோய் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்த நான்கு பேரும் ஒன்றாக எழுந்து நின்றுவிட்டதாகவும், நர்ஸ் திகைத்துப்போய் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்ததாகவும் அம்மா சொன்னார். எனக்குக் கேட்டது ஆட்டோக்காரரின் குரல்தான்.

"அப்பா போன்ல கீறாரும்மா. இந்தா, கொயந்த வாயாண்ட புடி."

என் மகள் அழுதாள். ஆட்டோக்காரருடைய பேலன்ஸ் தீர்ந்து லைன் கட்டாகும்வரை கேட்டுக்கொண்டே இருந்தேன்.